முதலாளி சொன்னார், நான் பில் போட்டேன்: எனக்கு என்ன வரும்?

கேள்வி: கோவையில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஒன்றரை வருடமாக, கொடுக்காத சரக்குக்கு என்னைப் பில் போடச் சொல்கிறார் முதலாளி. இதுவரை சுமார் 8 கோடி ரூபாய்க்குப் போட்டிருப்பேன். போன மாதம், “உன் பேரில் ஒரு ஜிஎஸ்டி எடுக்கலாம்மா, சும்மா பேருக்குத்தான்” என்று பான், ஆதார் நகலை வாங்கிக்கொண்டார். ஓடிபியும் சொல்லிவிட்டேன். “சம்பளம் வாங்குகிற உனக்கு என்ன வரப்போகிறது?” என்கிறார். உண்மையா?

பதில்: முதலில் உங்கள் பேரில் எடுத்த ஜிஎஸ்டி பதிவு. மற்றதெல்லாம் அப்புறம். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடலாம். லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் பானில் பதிவு ஏதும் வந்திருந்தால், அது எந்த வரிச்சரகத்தில், அதாவது எந்த ஜிஎஸ்டி அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்கும் என்பதால், அந்தச் சரக அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள்: இந்த வியாபாரத்தை நான் நடத்தவில்லை, பதிவை ரத்து செய்யுங்கள் என்று. ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

ஏன் இந்த அவசரம்? இன்றைக்கு நீங்கள் சம்பளக்காரர். அந்தப் பதிவில் பில் ஓட ஆரம்பித்தால், பேப்பரில் வியாபாரி நீங்கள்தான். சரக்கில்லாமல் பில் கொடுத்தால் 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, இதில் எது அதிகமோ அது அபராதம். நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இப்படிப் பேர் கொடுத்து மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் டிரைவர், கடைப்பையன், அக்கவுண்டண்ட்தான். முதலாளியின் மச்சான் பேரில் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

சரி, போட்ட பில்களுக்கு வருவோம். முதலாளி சொன்னதில் பாதிதான் உண்மை. ஜிஎஸ்டி சட்டத்தில் தண்டனை பில் மதிப்பை வைத்து இல்லை, அதிலுள்ள வரியை வைத்து. 8 கோடிக்கு 18 சதவீதம் என்றால் 1.44 கோடி. போலி பில்லில் வரி 1 கோடியைத் தாண்டினாலே ஓராண்டு வரை சிறை உண்டு. 5 கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை, ஜாமீனும் சுலபமில்லை. இது முதன்மையாகப் பலன் அடைந்தவரைக் குறிவைக்கும் சட்டம். ஒரு கப்பல் நிறுவன வரிப்பிரிவு ஊழியரிடம் 3,731 கோடி ரூபாய் கேட்டு வந்த நோட்டீஸை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் வெறும் ஊழியர், பலன் அவருக்குப் போகவில்லை என்பது முக்கியக் காரணம். உங்களுக்கும் இது உதவும். ஆனாலும் உடந்தையாக இருந்தவருக்கு என்று 25,000 ரூபாய் வரை தனி அபராதம் இருக்கிறது.

அவர் சொல்லாத மீதிப் பாதி, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 344வது பிரிவு. ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திரிக்கும் எழுத்தர், அலுவலர், பணியாளருக்கு ஏழாண்டு வரை சிறை. கவனியுங்கள், இந்தப் பிரிவே ஊழியர்களுக்காக எழுதப்பட்டதுதான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கில் 2015இல் ஹைதராபாத் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் நிறுவனர் ராமலிங்க ராஜு மட்டுமல்ல, நிதிப்பிரிவு ஊழியர்களும் இருந்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது உண்மை. ஆனால் “மேலே சொன்னார்கள், செய்தேன்” என்பது அங்கே எடுபடவில்லை.

ஆகவே இனி ஒரு பில்கூடப் போடாதீர்கள். வாயால் மறுத்தால் போதாது. சரக்கில்லாத பில் போட மாட்டேன், என் பேரில் பதிவுக்குச் சம்மதமில்லை என்று இமெயிலில் அனுப்புங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். டேலி கணக்கு மென்பொருளில் உள்ள டேட்டா முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வருகிற வேலை மட்டும் வேண்டாம். டேட்டா திருட்டு என்று அவர் புகார் கொடுக்க நீங்களே வழி செய்துவிடுவீர்கள்.

ராஜினாமா செய்தால் “பாண்ட் இருக்கிறது” என்று மிரட்டலாம். சட்டவிரோத வேலையைச் செய்யச் சொல்லும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. தகவல் சொன்னால் பாதுகாப்பு கிடைக்குமா என்றால், தனியார் நிறுவன ஊழியருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் ஜிஎஸ்டி துறைக்குப் புகார் கொடுப்பதை, வேலையை விட்டு, வக்கீல் ஒருவரைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே சம்மன் வந்தால் தவறாமல் போங்கள். சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லில் போட்ட லாரி நம்பர் எந்த டோல்கேட்டையும் தாண்டவில்லை என்ற விவரம் அதிகாரிகள் கையில் இருக்கும். முதலாளியைக் காப்பாற்ற அங்கே பொய் சொன்னால், அது தனிக் குற்றம்.