ஆயில் இன்ஜின் கரும்புகை: ஷிம்மை எண்ணினீர்களா?

கேள்வி: கிணற்றில் இருக்கும் 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினுக்கு டீசல் பம்ப்பைக் கழற்றி எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் உள்பாகம்) மாற்றினோம். அன்றிலிருந்து தண்ணீர் இழுக்கும்போது கரும்புகை. சைலன்சர் கொதிக்கிறது, டீசலும் கூடக் குடிக்கிறது. டீசலைப் பீய்ச்சும் நாசில் புதுசு போட்டும் தீரவில்லை.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: பம்ப்பைக் கழற்றிய அன்றிலிருந்து என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் டைமிங் மேல்தான், அதாவது சிலிண்டருக்குள் டீசல் பாயத் தொடங்கும் நேரம். பம்ப்புக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை எண்ணாமல் மாட்டியிருப்பார்கள். அல்லது அட்டையில் கேஸ்கட் வெட்டிப் போட்டிருப்பார்கள். அடியில் கனம் கூடினால் பம்ப் அதைத் தள்ளும் கேமை விட்டு விலகும், டீசல் தாமதமாகப் பாயும். 0.1 மி.மீ.க்கு ஃப்ளைவீல் சுற்றில் ஏறக்குறைய 1 டிகிரி. அரை மில்லி அட்டை என்றால் 5 டிகிரி போச்சு!

பீய்ச்சும் டீசலின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. அங்கே கரி உண்டாவது எல்லா டீசல் இன்ஜினிலும் நடப்பதுதான். நல்ல டைமிங்கில் அந்தக் கரியில் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடும். தாமதமானால் பிஸ்டன் இறங்க இறங்க வாயு விரிந்து ஆறுகிறது. சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனபின் கரி எரிவது அநேகமாக நின்றுவிடும், மிச்சம் புகையாக வெளியேறும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு முழுதாக அடங்கியிருக்காது. சைலன்சர் கொதிப்பது அதனால்தான்.

ஷிம்மைத் தொடும் முன் ஏர் கிளீனரைப் பாருங்கள். அடியில் ஆயில் புழுதிச் சேறாக இருந்தாலும் இதே கரும்புகைதான்.

டைமிங் பார்க்க, பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பைக் கழற்றுங்கள். கவர்னர் லீவரை முழு டீசலில் வைத்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். பம்ப் வாயில் தளும்பி நிற்கும் டீசல் லேசாக அசையும் அந்தக் கணத்தில் நிறுத்திச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறிக்கும் உள்ள தூரத்தை ஃப்ளைவீல் விளிம்பிலேயே டேப் வைத்து அளக்க வேண்டும். விளிம்பின் சுற்றளவு 1570 மி.மீ. என்றால் 1 டிகிரிக்கு 4.4 மி.மீ. கையேட்டில் 24 டிகிரி போட்டிருந்தால் 105 மி.மீ. வரவேண்டும், 83 தான் வருகிறதென்றால் 5 டிகிரி தாமதம், ஷிம்மில் அரை மில்லி குறைக்க வேண்டும். மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு ஷிம்மை எடுங்கள். நாசிலை வெளியே எடுத்துப் பைப்பில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பதானால் அதன் முன்னால் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: அப்படியானால் டைமிங்கை இன்னும் முன்னால் வைத்தால் புகையே வராதா?
- வாசகர், மேலூர்

பதில்: புகை குறையும், இன்ஜின் அடி வாங்கும். காற்று போதிய சூடேறும் முன்பே டீசல் இறங்குவதால் பற்றத் தாமதமாகி, சேர்ந்த டீசல் மொத்தமாகப் பற்றும். ‘டக் டக்’ என்ற அந்தச் சத்தம் பேரிங்கையும் ஹெட் கேஸ்கட்டையும் தின்றுவிடும். நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும், அது கண்ணுக்குத் தெரியாது. கையேட்டு அளவைத் தாண்ட வேண்டாம். காமன் ரெயில் எனும் புதுவகை டீசல் வண்டியில் டைமிங் ஈ.சி.யூ. என்ற கணினி வசம், அங்கே கரும்புகை என்றால் டர்போ ஹோஸ் கிழிசலையும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வையும் பாருங்கள்.