கறுப்பு பிரைமர் மேல் வெள்ளை அடிக்கலாமா?

கவசம் போட்ட சிறு மாடல் பொம்மைகளுக்குக் கறுப்பு பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட்டேன், முதல் பொம்மை சொரசொரப்பாகிவிட்டது, உரித்துவிட்டுத்தான் வெள்ளை அடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உரிக்கத் தேவையில்லை, கறுப்பு பிரைமர் மேலேயே வெள்ளை ஸ்பிரே அடிக்கலாம். மஞ்சள் கவசம்தானே வேண்டும்? அப்படியென்றால் முழுக்க வெள்ளையாக்க வேண்டாம். பொம்மையின் தலைக்கு மேலிருந்து சாய்வாக, லேசாக அடியுங்கள். இடுக்குகளில் கறுப்பு நின்று அதுவே நிழலாகிவிடும். பாதி வேலை மிச்சம்.

முதல் பொம்மை சொரசொரப்பானது அநேகமாகத் தூரத்திலிருந்து அடித்ததால். துளி காற்றிலேயே காய்ந்து தூளாகப் போய் ஒட்டும். வெள்ளையில் இந்தத் தொல்லை பளிச்சென்று தெரியும். கேனை நன்றாகக் குலுக்கி, 20–25 செ.மீ. தள்ளி, வெட்டிப்போட்ட ஸ்புரூ (பொம்மையின் பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் அடித்துக் காயவிட்டு நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் சரி.

ஆனால் கண், பல் கோடுகள் இப்போதே மழுங்கியிருந்தால் அந்தப் பொம்மைக்கு இன்னொரு பூச்சு வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பொம்மை பிளாஸ்டிக் இல்லாமல் ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) செய்தது என்றால் முதலில் அடிப்பக்கத்தில் சோதியுங்கள்.