நீங்கள் போட்ட சாட்சிக் கையெழுத்து

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள் நான். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி பெற்று, இரண்டு வருடமாகச் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போனால் உட்காரக்கூடச் சொல்வதில்லை. மதிப்பூதியம் ஏழு மாதமாக வரவில்லை. ஊரில் 'வக்கீலம்மா வந்துட்டா' என்று கிண்டல். மூன்று மாதத்துக்கு முன் செங்கல் சூளையில் எங்கள் பெண் ஒருத்தியிடம் மேஸ்திரி தப்பாக நடந்துகொண்டான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெரியவர்கள் கூடி 20,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் காசாவது பிள்ளைக்குச் சேரட்டும் என்று நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது தாயார் கேஸ் கொடுக்க வேண்டும் என்கிறார். 'நீயும்தானே கையெழுத்துப் போட்டே, உள்ளே போவே' என்று மேஸ்திரியின் ஆட்கள் மிரட்டுகிறார்கள். கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா? என்னைக் கேவலப்படுத்துகிறவர்கள் மீது வழக்குப் போடலாமா?

பதில்: நாற்காலி, மதிப்பூதியம், கிண்டல் மூன்றையும் ஓரமாக வையுங்கள். இவ்வளவு எழுதிய நீங்கள், எழுதியே ஆக வேண்டிய ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அந்தப் பெண்ணின் வயது. பத்தாவதோடு நின்றவள் என்பதால் பதினைந்து, பதினாறு என்று வைத்துக்கொள்கிறேன். பதினெட்டுக்குக் கீழே என்றால் இது போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு. ஊர் பேசி முடிக்கிற விஷயமே இல்லை.

அந்தக் காகிதம் செல்லாது. கிழித்தாலும் கிழிக்காவிட்டாலும் செல்லாது. பெற்றோர் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காகப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. செல்லாத காகிதத்தில் போட்ட கையெழுத்தை எதற்கு வாபஸ் வாங்க வேண்டும்? ஆனால் அதே காகிதம் இன்னொன்றுக்குச் செல்லும். இன்ன தேதியிலேயே உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் பிரிவு 19. சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மகாராஷ்டிரத்தில் பழங்குடி மாணவியர் விடுதி வழக்கு ஒன்றில், தெரிந்தும் சொல்லாத மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆக, மேஸ்திரியின் ஆட்கள் சொல்வது முழுப் பொய்யில்லை.

பயிற்சி பெற்ற பெண்கள் தடுக்கி விழுவதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். முன்பெல்லாம் பஞ்சாயத்தில் பெண்ணுக்குப் பேச்சே கிடையாது. பயிற்சி முடிந்து அடையாள அட்டை வந்ததும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். 'சட்டம் தெரிஞ்சவளே கையெழுத்துப் போட்டுட்டா' என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளத்தான் அந்த மரியாதை.

செய்ய வேண்டியது: இன்றைக்கே தாயாரோடு போய் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கூடியது, பணம் கைமாறியது, நீங்கள் கையெழுத்திட்டது எல்லாவற்றையும் நீங்களே அதில் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து அது முதலில் வந்தால் உங்களோடு வழக்கும் சேர்ந்து சாயும். உங்கள் மேல் பிரிவு 21 வராது என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் தானாக வந்து சொன்னவரை, மறைத்தவரைப் பார்க்கிற கண்ணால் நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்காது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் அடுத்து எங்கே போவது என்று உங்களுக்கே பாடம் எடுத்திருப்பார்கள்.

அந்தப் பெண் சொல்வதை நீங்கள் எழுதித் தராதீர்கள். பயிற்சியில் கேட்ட சட்ட வார்த்தைகள் கைக்கு வந்து விழும். மாஜிஸ்திரேட்டிடம் அவள் தன் பேச்சில் வேறு மாதிரி சொல்வாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தே வழக்கை உடைப்பார்கள். செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர், படம், ஊர் எதுவும் போகக் கூடாது, அது தனிக் குற்றம். இனி நீங்கள் சாட்சி. அவளுக்குத் துணையாளாகக் குழந்தைகள் நலக் குழு வேறு ஒருவரை நியமிக்கட்டும்.

அடுத்த ஓட்டை வயது. உங்கள் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் பிறந்த தேதி. மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேடும் வயதுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒருவரைப் போக்சோவிலிருந்து விடுவித்தது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறதா, தேடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டைப் பாருங்கள். மேஸ்திரி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். டிஎஸ்பிதான் விசாரிக்க வேண்டும். கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் பழங்குடியான இருளர் என்பதைப் புகாரில் எழுதுங்கள், சான்றிதழுக்கு இன்றே மனு போடுங்கள்.

அந்த 20,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க யாரும் போக வேண்டாம். அதற்கும் ஒரு காகிதம் எழுதுவார்கள், அதிலும் கையெழுத்துக் கேட்பார்கள். விசாரணை அதிகாரியிடம் சொன்னால் போதும். அந்தக் குடும்பம் சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் சாட்சி சொல்லப் போகும் நேரத்தில் அந்தக் கடனைத்தான் இழுப்பார்கள். தாயார் பிறழ்சாட்சியாக மாறுவது, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்வது, பெரும்பாலும் பயத்தால் அல்ல, முன்பணத்தால். கொத்தடிமைத் தொழிலாளர் சட்டப்படி கோட்டாட்சியரிடம் தனி மனு கொடுங்கள்.

மதிப்பூதியத்துக்கு மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு பக்க மனு போதும். கிண்டல் செய்தவர்கள் மேல் வழக்கு வேண்டாம். நீங்களாகவே போய்ப் பேசிச் சமாதானமாகிவிடுங்கள். கிண்டல் செய்த ஊர்க்காரர்களில் பஞ்சாயத்துப் பேசிய பெரியவர்களும் இருக்கலாம்; பணம் கைமாறியதைப் பார்த்த சாட்சிகள் அவர்கள்தான். நாளைக்குக் கூண்டில் ஏறி அவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.