நார்வேக்குப் படிக்க வரும் மண்டபத்துத் தம்பிக்கு

தம்பி,

நீங்கள் மண்டபம் என்றதும் மகிழ்ந்துபோனேன். நான் பக்கத்து ஊரான உச்சிப்புளிக்காரி, ட்ரான்ட்ஹெய்மில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இங்கே முனைவர் பட்ட ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? கடலுக்குள் இறக்கும் பொருள்களின் அசைவைப் பற்றிய ஆய்வைக் கணினியிலேயே முடித்துவிடலாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். இங்கே முனைவர் ஆய்வு சம்பளத்தோடு கூடிய வேலை. வழக்கமாக 3 ஆண்டுகள், கற்பிக்கும் பணியும் சேர்ந்தால் 4. வரி போக மிஞ்சுவதில் ஒருவர் தாராளமாக வாழலாம். டிசம்பரில் பகல் நாலரை மணி நேரம்தான். அந்த வெளிச்சத்தில் கட்டாயம் வெளியே நடங்கள். அரிசி, பருப்புக்குக் குறையில்லை. நெத்திலிக் கருவாட்டுக்கு ஈடாக இங்கே எதுவும் இல்லை, ஊரிலிருந்து வந்தால்தான் உண்டு. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர் சொன்ன கணக்கு ஒத்துவராவிட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம், கணினியோடு நின்றுவிடாதீர்கள்.

நீருக்குள் முடுக்கம் பெறும் பொருள் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து அசைக்கிறது. முழுக்க மூழ்கிய உருண்டைக்கு, அது விலக்கிய நீரின் நிறையில் பாதி அதன் சொந்த நிறையோடு கூடுதலாகச் சேர்ந்ததுபோல் ஆகும். நீண்ட உருளையைப் பக்கவாட்டில் அசைத்தால் விலக்கிய நீரின் முழு நிறையும் சேரும். மெல்லிய தகடு விலக்கும் நீர் மிகச் சொற்பம். ஆனால் அதன் முகத்துக்குச் செங்குத்தாக அசைத்தால் சேரும் நிறை மிகப் பெரியது. அதே தகட்டில் துளைகள் இட்டால், அலைவின் வீச்சைப் பொறுத்தே அந்த நிறை மாறும். கிரேனிலிருந்து கடலின் மேற்பரப்பைத் தாண்டி இறக்கும் அந்தச் சில நொடிகளில் அலை பொருளைத் தூக்குகிறது, கம்பி தளர்கிறது, மறுகணம் வெடுக்கென்று இழுபடுகிறது. கம்பி அறுவது அப்போதுதான்.

அலை ஒரு பொருள்மீது செலுத்தும் விசையைக் கணக்கிட 1950-இல் வந்த மோரிசன் சமன்பாட்டில் இழுவைக்கு ஒன்று, நிலைமத்துக்கு ஒன்று என இரண்டு கெழுக்கள் (பெருக்கும் எண்கள்) உண்டு. சூத்திரம் அவற்றைத் தராது. சோதனைதான் தர வேண்டும். கூரிய விளிம்பில் சுழல்கள் பிரியும் இடத்தில் கணினியின் விடையையும் அளந்து பார்த்துத்தான் நம்பலாம். சோதனைக்கும் எல்லை உண்டு: அசலில் 25-இல் 1 பங்கு அளவுள்ள மாதிரியில் அலைகள் 5 மடங்கு வேகமாக வந்து போகும், நீரின் பாகுத்தன்மையோ அந்த அளவில் சுருங்காது. இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டுவதுதான் இந்தத் துறையின் உயிர்.

இவ்வூரில் மாதிரிகளைச் சோதிக்க 1981-இல் எழுந்த அலைக்குளம் 80 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். உங்களுக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. சிறிய தொட்டியே போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றை எழுத்திலேயே கேளுங்கள்: சோதனைத் தொட்டியில் எனக்கு எத்தனை வாரம்?

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நம் கரையோரம் மீன்வளத்துக்காகக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்குகிறார்கள். கடலுக்குள் விட்ட கட்டி சரியலாம், புரளலாம், நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) ஒதுங்கலாம். குறித்த இடத்தில் நிமிர்ந்து அமர்ந்தால்தான் அதன் அறைகளுக்குள் மீன் ஒதுங்கும், வலையும் சிக்காது. எந்த வடிவம் எப்படி விழும் என்பதையும் ஆய்வில் ஒரு பகுதியாகச் சேர்க்க முடியுமா என்று வழிகாட்டியிடம் இப்போதே கேளுங்கள். தலைப்பு உறுதியான பிறகு நுழைப்பது கடினம்.