பூத்த தோட்டத்தில் திடீரென்று பனி கொட்டினால் செடிகள் செத்துவிடுமா?

காரைக்குடிக்காரன் இதற்குப் பதில் எழுதுவது வேடிக்கைதான். எங்கள் ஊரில் "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஆனால் மச்சின் மேல் வெள்ளையாக எதுவும் படிந்து யாரும் பார்த்ததில்லை. தங்கை அமெரிக்காவில், டென்வரில் இருப்பதால்தான் எனக்கு இந்தக் கதை தெரியும்.

அங்கே மே மாத இரண்டாம் ஞாயிறு தாண்டாமல் குளிர் தாங்காத நாற்றை வெளியில் நடக் கூடாது என்பார்கள். இவள் ஏப்ரல் கடைசியிலேயே நட்டுவிட்டாள். மே முதல் வாரம் ஒரு நாள் வீடியோ காலில் வந்தாள், அழாத குறை. அவளுக்குக் காலை ஆறு, எங்களுக்கு மாலை ஐந்தரை. ஆத்தா வளவில் உட்கார்ந்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். திரை முழுக்க வெள்ளை. அதில் அங்கங்கே குங்குமத்தைக் கிள்ளி வைத்ததுபோல டூலிப் மொட்டின் நுனி மட்டும்.

"வெந்நிய ஊத்தி விடு ஆத்தா" என்றார் எங்கள் ஆத்தா. அதை மட்டும் செய்யாதீர்கள். செடியும் வேகும், ஊற்றிய தண்ணீர் அப்புறம் உறையவும் செய்யும்.

டூலிப், டாஃபடில், பான்சி எல்லாம் பெரும்பாலும் பிழைத்துவிடும். டூலிப் கிழங்குக்குப் பூக்கவே 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். (காரைக்குடியில் பூக்க வைக்க ஆசைப்பட்டால் கிழங்கை முதலில் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.) எங்கள் கொல்லை மல்லியோ மார்கழி, தைக் குளிருக்கே மொட்டு வைக்க மறுத்துவிடும்.

புதுப் பனிக்குள் பெரும்பகுதி காற்றுதான். அதனால் அது போர்வைபோல மண்ணின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். பயப்பட வேண்டியது பனி நின்று, மேகம் கலைந்த பிறகு வருகிற ராத்திரிக்கு. மூடியில்லாத சட்டிபோலத் தரைச் சூடெல்லாம் மேலே போய்விடும். விரிந்த ஆப்பிள் பூவில் மைனஸ் 2 டிகிரியிலேயே கொஞ்சம் கருகும், மைனஸ் 4-இல் பெரும்பாலும் போய்விடும். ஆகவே சாயங்காலமே பழைய பெட்ஷீட்டைத் தரையைத் தொடுகிற மாதிரி போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். தொட்டிகளை வீட்டுக்குள் தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று கனம். வசந்தகாலப் பனி ஈரமானது. தங்கை வீட்டு லைலாக்கில் ஒரு கிளை அப்படியே பிளந்துவிட்டது. துடைப்பத்தைக் கிளைக்கு அடியில் கொடுத்து, கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிட வேண்டும். கிளையோடு உறைந்து ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், முறிந்துவிடும், தானாக உருகட்டும்.

அவள் தோட்டத்தில் செத்தது துலுக்கச் செவ்வந்தி நாற்றுதான். மறுநாள் பார்த்தால், வேகவைத்த கீரைபோலக் கறுத்துத் தொங்கியது. உள்ளிருக்கும் நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிட்டால் அப்புறம் மீளாது. பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் படம் அனுப்பினாள். படுத்துக் கிடந்த டூலிப் எல்லாம் எழுந்து நின்றன. ஆத்தா போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வாசம் இருக்கா இதுக்கு?"

"பெரும்பாலும் இருக்காது ஆத்தா."

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு அம்புட்டு அழுக?" என்று போனைக் கொடுத்துவிட்டு மல்லிப் பந்தை எடுத்துக்கொண்டார்.