ஆன்லைன் வகுப்பில் முழுப் படம்: யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: கலைக் கல்லூரியில் விஸ்காம் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் அவரவர் நேரத்தில் பார்க்கும்படி சில தமிழ்ப் படங்களை முழுதாகக் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த ஆண்டு இதையே வெளியாட்களுக்கும் கட்டணப் படிப்பாகத் திறக்கிறோம். தயாரிப்பாளரிடம் கடிதம் வாங்கினால் போதுமா?

பதில்: சொந்த மாணவர்களுக்கு மட்டும் காட்டும்வரை, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். கல்லூரிப் பணியின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோருக்கு மட்டும் படம் காட்டுவது மீறல் ஆகாது. நேரடி ஆன்லைன் வகுப்பில் படத்தை ஓட்டுவதற்கு இது போதும் என்பது என் கருத்து.

சர்வரில் ஏற்றி வைப்பதில்தான் சிக்கல். அது நகல் எடுப்பதாகிவிடும். பாடம் நடத்த ஆசிரியர் நகல் எடுக்கலாம் என்பதை 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தாராளமாகவே புரிந்துகொண்டது. ஆனால் அது புத்தகப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்த வழக்கு. முழுப் படத்துக்கு அதை நம்பி இறங்காதீர்கள், உரிமம் வாங்கிவிடுங்கள். ஓடிடி தளத்தின் பூட்டை உடைத்துக் கோப்பு எடுக்கும் யோசனையே வேண்டாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால் 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

கட்டணப் படிப்புக்கு உரிமம் கட்டாயம். சரி, யார் தருவது? நம் ஊரில் பல படங்களின் நெகட்டிவ் உரிமை, அதாவது படத்தின் மூல உரிமை, எப்போதோ கைமாறியிருக்கும். டிவியில் காட்டும் சாட்டிலைட் உரிமை ஒருவரிடம், இணையத்தில் காட்டும் டிஜிட்டல் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். டிஜிட்டல் உரிமையை விற்றுவிட்ட தயாரிப்பாளர் நல்ல மனதோடு கடிதம் தந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. கைமாறிய ஒப்பந்தங்களின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு எந்தப் படம், எந்தத் தளம், எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகள் என்று எழுத்தில் போடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். துபாயிலிருந்து ஒருவர் சேர்ந்தாலே பிரச்சினைதான்.

படம் வெளியாகி 60 ஆண்டு முடிந்துவிட்டால் படத்தின் பதிப்புரிமை தீர்ந்துவிடும். பாடல் வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு: எழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 60 ஆண்டு வரை அவை உயிரோடு இருக்கும். ஆகவே பழைய படம் என்றாலும் பாடல்களைத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம், கட்டணப் படிப்புக்கு முழுப் படமும் தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள். ஒரு காட்சியை எடுத்து அலசி விமர்சிக்கிறீர்கள் என்றால், தேவையான அளவு துண்டுக்கு 52(1)(ஏ) பிரிவின் நியாயமான பயன்பாடு பொருந்தும்.