விருந்துல சாப்பிட்டு முடிச்சதும் வீட்டுக்காரங்களுக்கு என்ன ஓதுறது?

தம்பி, வேலைக்கு கண்டி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அக்குறணையில ஒரு வீட்டு விருந்துல எல்லாரும் ஏதோ ஓதினாங்க, நான் மட்டும் "ரொம்ப தேங்க்ஸ்"னு சொல்லிட்டு முழிச்சேன்னு கேட்டிருந்தீங்க. நானும் தஞ்சாவூர் பக்கம்தான், கம்பளையில பொண்ணு கட்டி இங்கயே தங்கி 17 வருஷமாச்சு, நல்லா முழிச்சவன்தான்.

சின்ன வயசுல மதரஸாவுல மனப்பாடம் பண்ணின "அல்ஹம்து லில்லாஹ்"னு ஆரம்பிக்கிறது அல்லாஹ்வுக்கு சொல்ற ஷுக்ரு, அதாவது நன்றி. சோறு போட்டவங்களுக்குனு தனியா ஒண்ணு இருக்கு: "அல்லாஹும்ம பாரிக் லஹும் ஃபீமா ரஸக்தஹும், வஃக்ஃபிர் லஹும், வர்ஹம்ஹும்." யா அல்லாஹ், நீ இவங்களுக்கு குடுத்ததுல பரக்கத் (அபிவிருத்தி) செய், இவங்கள மன்னிச்சிரு, ரஹ்மத் (கருணை) செய், அவ்ளோதான் அர்த்தம். ஸஹீஹ் முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புல வருது. நபித்தோழர் அப்துல்லாஹ் பின் புஸ்ரோட வாப்பா (அப்பா) வீட்டுக்கு நபி (ஸல்) சாப்பிட வந்தாங்க, பேரீச்சம்பழம் சாப்பிட்டு கொட்டைய ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு போட்டாங்களாம், கெளம்புற நேரம் வாப்பா வாகனத்தோட கடிவாளத்த புடிச்சிக்கிட்டு எங்களுக்காக துஆ செய்ங்கன்னு கேட்டப்ப ஓதினது இது. கேட்டு வாங்கியிருக்காரு பாருங்க, அது எனக்கு ரொம்ப புடிக்கும்.

நோன்பு திறக்க கூப்பிட்டா "அஃப்தர இந்தகுமுஸ் ஸாஇமூன்"னு வேற ஒண்ணு ஓதுவாங்க, ரமழானுக்குள்ள கத்துக்கலாம், அவசரமில்ல.

அப்புறம் சஹன்ல, அதான் பல பேர் சுத்தி உக்காந்து சாப்பிடுற பெரிய தட்டுல, உக்காந்தா உங்க பங்கு முடிஞ்சதும் எந்திரிச்சிராதீங்க. நான் பண்ணேன். நுவரெலியாவுல ஒரு வீடு, ஜனவரி குளிர், ஆறு பேர் ஒரு சஹன், நான் கை கழுவ எந்திரிச்சா பக்கத்துல இருந்த நானா (அண்ணன்) என் சாரத்த, அதான் கைலிய, புடிச்சு இழுத்து உக்கார வச்சிட்டாரு, பெரியவர் ஒருத்தர் துஆ ஓத ஆரம்பிச்சாரு ஓதினாரு ஓதினாரு, விரல்ல இருந்த நெய்யெல்லாம் வெள்ளையா ஒறைஞ்சு போச்சு. கடைசியா கெண்டியில சுடுதண்ணி வந்திச்சு பாருங்க, அதுக்கு ஒரு தனி துஆ ஓதலாம்.

அன்னைக்கே இன்னொரு கூத்து. "தாத்தாவுக்கு சொல்லிட்டு வாங்க, அவதான் சமைச்சா"ன்னு பொண்டாட்டி சொன்னா. நான் ஹால்ல இருந்த வயசாளிக்கிட்ட போய் பவ்யமா ஓதிட்டு வந்தேன், அவரும் ஆமீன் சொன்னாரு. அவரும் என்னைய மாதிரி சாப்பிட வந்தவரு! தம்பி, இங்க தாத்தான்னா அக்கா, மறந்துறாதீங்க, வட்டிலப்பம்ங்கிற இனிப்புக்கு கித்துல் கருப்பட்டி சீவி சீவி கை நொந்த மனுஷிக்கு ஒரு வார்த்தையும் போகல.

அதனால மெதுவா வாய்க்குள்ள ஓதாதீங்க. குசினி (அடுப்படி) பக்கம் போய் திரைக்கு இந்தப்பக்கம் நின்னு கேக்குற மாதிரி ஓதுங்க, அரபு வரலைன்னா தமிழ்லயே சொல்லுங்க. சட்டி கழுவுற சத்தம் ஒரு நிமிஷம் நிக்கும், உள்ள இருந்து ஆமீன் வரும், பின்னாடியே "பிளேன்டீ குடிச்சிட்டு போங்க"ன்னும் வரும்.